“ஏன்?” என்று கேட்கும் பிள்ளை: சிறு வயதிலேயே சிந்திக்கப் பழக்குவது எப்படி?



மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் காலை முதல் இரவு வரை கேட்டுக்கொண்டே இருக்கும் வார்த்தை “ஏன்?” என்பதுதான். மழை ஏன் பெய்யுது? பூனை ஏன் பேசாது? அத்தா ஏன் துபாய்க்குப் போனாங்க? முதல் இரண்டு கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வோம். பத்தாவது கேள்விக்கு, “சும்மா இரு, நொய்நொய்ன்னு கேட்காதே” என்று அதட்டிவிடுவோம். இப்படி நாலைந்து வருடம் அதட்டினால் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடுகிறது. அப்புறம் பத்தாம் வகுப்பில், “இவன் எதையும் யோசிச்சுச் செய்ய மாட்டேங்கிறான், மனப்பாடம்தான் பண்றான்” என்று நாமே வருத்தப்படுகிறோம்.

சிந்திக்கும் திறன் என்றால் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேட்டதை உடனே நம்பாமல் யார் சொன்னார், என்ன ஆதாரம் என்று பார்ப்பது, இரண்டு விஷயங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது, ஒரு செயலைச் செய்தால் அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே யோசிப்பது, தான் நினைத்தது தவறு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்வது ஆகியவையே அந்தத் திறன். இதைக் கற்றுக்கொடுக்கத் தனி வகுப்போ, விலை உயர்ந்த விளையாட்டுப் பொருளோ தேவையில்லை. அடுப்படியிலும் கடைத்தெருவிலும் படுக்கையறையிலும் நடக்கும் பேச்சே போதும்.

ஏன் இது அவசியம்?

2018 மே மாதம் நம் தமிழ்நாட்டில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு பொய்ச் செய்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குடும்பத்துடன் காரில் வந்த வயதான பெண்மணி ஒருவர் வழியில் நின்று குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஊரார் அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த ஆண்டு வேறு மாநிலங்களிலும் இதே வதந்தியால் உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. தங்கள் பிள்ளைகள் மேல் பாசம் வைத்த அத்தா, அம்மாக்களும் அதில் இருந்திருப்பார்கள். “இதை யார் பார்த்தது?” என்று ஒருவர் நிதானமாகக் கேட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்கும் பழக்கம் முப்பது வயதில் திடீரென்று வந்துவிடாது. ஐந்து வயதில் விதைக்க வேண்டும்.

வதந்தியால் பாதிக்கப்படும் சமூகமாகவும் நாம் இருக்கிறோம், வதந்தியை அனுப்புகிறவர்களாகவும் இருக்கிறோம். நம்மைப் பற்றிப் பொய் பரவும்போது மனம் வலிக்கிறது. அதே கையால் அடுத்தவரைப் பற்றி வந்த செய்தியை விசாரிக்காமல் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுகிறோம். பிள்ளைகள் இதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள்.

மார்க்கம் காட்டும் வழி

ஒரு தீயவன் செய்தி கொண்டு வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்று அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான் (அல்ஹுஜுராத் 6). இந்த ஒரு வசனத்தின் கருத்தே பிள்ளை வளர்ப்புக்குப் போதுமான பாடம். குர்ஆனில் பிள்ளைகளுக்குப் பிடித்த கதைகளாகவே இன்னும் பல பாடங்கள் இருக்கின்றன.

யூசுஃப் (அலை) அவர்கள் மேல் பழி சுமத்தப்பட்டபோது, சாட்சி சொன்னவர் என்ன சொன்னார்? சட்டை முன்பக்கம் கிழிந்திருக்கிறதா, பின்பக்கம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள் என்றார். பின்பக்கம் கிழிந்திருந்தது. யார் ஓடினார், யார் துரத்தினார் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. இந்தக் கதையைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்தி, “பின்பக்கம் கிழிஞ்சிருந்தா என்ன அர்த்தம்? நீ சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தன் சட்டையைத் தானே பிடித்து இழுத்துப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிடும்.

சுலைமான் (அலை) அவர்களின் அவையில் ஹுத்ஹுத் பறவை காணாமல் போனது. கோபம் வந்தும், தகுந்த காரணம் சொன்னால் தண்டனை இல்லை என்றார்கள். பறவை ஸபா நாட்டைப் பற்றிச் செய்தி கொண்டு வந்தபோது, அதை அப்படியே நம்பிவிடவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. நீ சொல்வது உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்று சொல்லி, கடிதம் கொடுத்து அனுப்பிச் சோதித்தார்கள். பெற்றோருக்கு இதில் இரண்டு பாடம் உண்டு. தண்டிக்கும் முன் பிள்ளையின் காரணத்தைக் கேட்க வேண்டும். சொன்ன காரணம் சரியா என்று பார்க்கவும் வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் குழந்தைப் பருவத்திலேயே வஃபாத்தானார். அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. இப்ராஹீமின் மரணத்திற்காகத்தான் கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். தன் மகனைப் பற்றிய பெருமையான பேச்சுதானே என்று நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, துக்கமான அந்த நேரத்திலும் தெளிவுபடுத்தினார்கள் (புகாரி). இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒன்றுக்கு மற்றொன்று காரணம் ஆகிவிடாது. பள்ளிக்கூடத்தில் பல வருடம் படித்தவர்களும் தடுமாறும் பாடம் இது.

நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் புதிர் போட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இலை உதிராத ஒரு மரம் முஸ்லிமுக்கு ஒப்பாகும், அது எது என்று கேட்டார்கள். பேரீச்ச மரம் என்பது சிறுவரான இப்னு உமர் (ரலி) அவர்களின் மனதில் தோன்றியது. பெரியவர்கள் பேசாமல் இருந்ததால் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பின்னர் அதைத் தன் தந்தை உமர் (ரலி) அவர்களிடம் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ பிரியமாக இருந்திருக்கும் என்றார்கள் (புகாரி). பெரியவர்கள் சபையில் சிறுவன் பேசுவதை அந்தத் தந்தை குறையாகக் கருதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எந்த வயதில் என்ன எதிர்பார்க்கலாம்?

பிள்ளையின் வயதுக்கு மேல் எதிர்பார்த்தால் நமக்குக் கோபமும் பிள்ளைக்கு அழுகையும்தான் மிஞ்சும்.

இரண்டு, மூன்று வயது: இந்த வயதில் தொட்டும் போட்டு உடைத்தும்தான் கற்கும். கரண்டியைத் திரும்பத் திரும்பக் கீழே போடுவது குறும்பு மட்டும் அல்ல, ஒவ்வொரு முறையும் விழுகிறதா என்று அது சோதித்துப் பார்க்கிறது. பெயர் சொல்லுங்கள், ஒப்பிட்டுக் காட்டுங்கள்: “இது சூடு, இது ஆறிடுச்சு.” “இது பெருசு, இது சிறுசு.”

நான்கு, ஐந்து வயது: மற்றவர் மனதில் இருப்பதும் தன் மனதில் இருப்பதும் வேறு என்று புரிய ஆரம்பிக்கும் வயது. 1983ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் செய்த புகழ்பெற்ற சோதனை ஒன்றை நம் வீட்டுக்கு ஏற்றபடி நீங்களும் செய்து பார்க்கலாம். “அண்ணன் பிஸ்கட்டை அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போனான். அவன் இல்லாதபோது உம்மா அதை எடுத்து டப்பாவில் வைத்தாங்க. அண்ணன் திரும்பி வந்து முதலில் எங்கே தேடுவான்?” மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் “டப்பாவில்” என்று சொல்லும். ஐந்து வயதை நெருங்கும்போது, “அலமாரியில்தான் தேடுவான், அவனுக்குத்தான் தெரியாதே” என்று சொல்லும். அடுத்தவர் பார்வையில் நின்று பார்க்கும் ஆற்றல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அடுத்தவர் வலியை உணர்வதற்கும் இதுவே வாசல்.

ஆறு முதல் எட்டு வயது: ஒரே அளவுள்ள இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். பிள்ளை கண் முன்னாலேயே ஒன்றை எடுத்து ஒல்லியான, உயரமான பாட்டிலில் ஊற்றிவிட்டு, எதில் அதிகம் என்று கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை உயரமானதைத்தான் காட்டும். ஏழு வயதுவாக்கில், “அதே தண்ணிதானே” என்று சிரிக்கும். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே இந்தச் சோதனையை உலகுக்குக் காட்டினார். ஐந்து வயதில் தவறாகச் சொன்னால் பிள்ளை மந்தம் என்று பொருள் இல்லை. திட்டாமல், “திரும்ப டம்ளரில் ஊற்றிப் பார்ப்போமா?” என்று கேட்டால் போதும். கண்ணுக்குத் தெரிவது மட்டுமே உண்மை இல்லை என்று அது தானே கண்டுகொள்ளும்.

கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

இரவு நேரத்தில் பஸ்ஸில் போகும்போது பிள்ளை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

“உம்மா, நிலா ஏன் நம்ம கூடவே வருது?”

“நீ என்ன நினைக்கிற?”

“அதுக்கு நம்மளப் பிடிச்சிருக்கு.”

“அப்படியா? எதிர்ல போற பஸ்ல ஒரு பிள்ளை இருந்தா, அது கூடவும் போகுமா?”

பிள்ளை யோசிக்கும். “தெரியல.”

“சரி, பக்கத்துல இருக்கிற மரத்தைப் பாரு. தூரத்துல தெரியுற அந்த விளக்கைப் பாரு. எது வேகமா பின்னாடி ஓடுது?”

“மரம்.”

“தூரமா இருக்கிறது?”

“மெதுவா.”

“அப்ப ரொம்ப ரொம்ப தூரத்துல இருக்கிற நிலா?”

இங்கே உம்மா ஒரு பதிலும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை பதிலுக்கு மிக அருகில் வந்துவிட்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. முதலில் பிள்ளையின் கருத்தைக் கேளுங்கள். தவறாக இருந்தாலும் சிரித்துக் கேலி செய்யாதீர்கள். வீட்டில் விருந்தாளிகள் வரும்போது, “இவ என்ன சொன்னா தெரியுமா?” என்று சொல்லிக் காட்டுவதும் கேலிதான்.

2. கேட்ட பிறகு காத்திருங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஆராய்ந்தார். பெரும்பாலும் ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பிள்ளைகளின் பதில் நீளமாகவும் காரணத்தோடும் வந்தது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். அது எவ்வளவு நீண்ட நேரம் என்று தெரியும்.

3. “எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். பதில் சரியாக இருக்கும்போதும் இதைக் கேட்க வேண்டும். தவறும்போது மட்டும் கேட்டால், “எப்படித் தெரியும்” என்பதே திட்டு வார்த்தை ஆகிவிடும்.

4. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் எவ்வளவு பெரிய மேதை! தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பலவற்றிற்குத் தமக்குத் தெரியாது என்றே அவர்கள் விடையளித்ததாக வரலாறு கூறுகிறது. “எனக்குத் தெரியல, வா, ரெண்டு பேரும் தேடுவோம்” என்று அத்தா சொன்னால் மதிப்புக் குறையாது. தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்பதையும் பிள்ளை சேர்த்துக் கற்றுக்கொள்ளும்.

எல்லாக் கேள்விக்கும் இப்படி உட்கார்ந்து பேச முடியாது. அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருக்கும், கைக்குழந்தை அழும். “நல்ல கேள்வி, இஷாவுக்கு அப்புறம் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு, மறக்காமல் பேசுங்கள். வாக்குக் கொடுத்து மறந்தால் அடுத்த முறை பிள்ளை கேட்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஐந்து பயிற்சிகள்

மிதக்குமா, மூழ்குமா: ஒரு வாளித் தண்ணீர், எலுமிச்சம்பழம், உருளைக்கிழங்கு, தேங்காய்ச் சிரட்டை, ஸ்பூன். போடும் முன் பிள்ளை சொல்ல வேண்டும்: மிதக்குமா, மூழ்குமா, ஏன்? பிறகு போட்டுப் பாருங்கள். அடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் பச்சை முட்டையைப் போடுங்கள், மூழ்கும். உப்பை ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வாருங்கள், முட்டை மேலே வரும். “பெருசா இருந்தா மூழ்கும்” என்று முதலில் சொன்ன பிள்ளை தன் கருத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில், “மாத்திக்கிட்டியே, நல்லது” என்று பாராட்டுங்கள்.

பிறை பார்ப்பது: மாதத்தின் முதல் பிறையிலிருந்து ஒவ்வொரு நாளும் மொட்டை மாடியில் நின்று நிலாவைப் பார்த்து, நோட்டில் வரையச் சொல்லுங்கள். எந்தத் திசையில் தெரிந்தது, எந்த நேரத்தில் தெரிந்தது என்றும் குறிக்கட்டும். பத்து நாளில், “நாளைக்கு எப்படி இருக்கும்?” என்று பிள்ளையே சொல்லும். சற்றுப் பெரிய பிள்ளைகளிடம், “ரமளான் ஏன் ஒவ்வொரு வருஷமும் முன்னாடியே வருது?” என்று கேளுங்கள். பிறைக் கணக்கில் ஆண்டுக்கு 354 நாள், சூரியக் கணக்கில் 365 நாள். கழித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கடைத்தெருக் கணக்கு: கடைக்குக் கூட்டிப் போங்கள். ஐந்து ரூபாய் பிஸ்கட் நான்கு வாங்குவதா, இருபது ரூபாய் பாக்கெட் ஒன்று வாங்குவதா? எதில் எடை அதிகம் என்று உறையில் பார்க்கச் சொல்லுங்கள். “ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்” என்றால் உண்மையிலேயே இலவசமா? பெருநாள் காசை எப்படிச் செலவழிப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். ஒரே நாளில் செலவழித்துவிட்டு மறுநாள் அழுதால் அழட்டும். இருபது ரூபாயில் கற்கும் பாடம், பின்னாளில் இரண்டு லட்சத்தைக் காப்பாற்றும்.

கதையை நிறுத்திக் கேட்பது: நன்னி சொல்லும் கதையாக இருந்தாலும் நபிமார்களின் வரலாறாக இருந்தாலும் ஓர் இடத்தில் நிறுத்தி, “அடுத்து என்ன நடக்கும்?”, “நீயா இருந்தா என்ன செய்வ?”, “அவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்க?” என்று கேளுங்கள். ஒரே இரவில் மூன்று கதை சொல்வதைவிட ஒரு கதையைப் பேசிப் பேசிச் சொல்வது பயன் தரும்.

காரணம் சொல்லிக் கேட்பது: பிள்ளை ஒன்றைக் கேட்டு அடம் பிடித்தால், “உனக்கு ஏன் வேணும்னு மூணு காரணம் சொல்லு” என்று கேளுங்கள். சொன்ன காரணம் சரியாக இருந்தால் சில நேரம் நம் முடிவை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வதைவிட, காரணம் சொன்னால் கிடைக்கலாம் என்று கற்றுக்கொள்வது நல்லது அல்லவா?

ஈமான் பற்றிய கேள்விகள்

இந்த இடத்தில்தான் பெற்றோர் பலர் பயப்படுகிறார்கள். “அல்லாஹ் எங்கே இருக்கான்?”, “அல்லாஹ்வை ஏன் பார்க்க முடியல?”, “நன்னாவை மண்ணுக்குள்ள வச்சாங்களே, மூச்சு முட்டாதா?” என்று பிள்ளை கேட்டால், “அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, பாவம்” என்று வாயை அடைத்துவிடுகிறோம். பிள்ளையின் கேள்வி அத்துடன் போய்விடாது. உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். பதினைந்து வயதில் நமக்குத் தெரியாத யாரிடமோ, ஃபோனில் முகம் தெரியாதவரிடமோ அதைக் கேட்கும்.

இறந்தவர்களுக்கு எவ்வாறு உயிர் கொடுப்பாய் என்று காட்டும்படி இப்ராஹீம் (அலை) அவர்கள் அல்லாஹ்விடமே கேட்டார்கள். நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை, உள்ளம் அமைதி பெறக் கேட்டார்கள் என்று குர்ஆன் சொல்கிறது (அல்பகரா 260). அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, காட்டிக்கொடுத்தான். பிள்ளையும் உள்ளம் அமைதி பெறவே கேட்கிறது.

பதில் சுருக்கமாகவும் உண்மையாகவும் இருக்கட்டும். நன்னாவைப் பற்றிக் கேட்டால், “மூச்சு விடுறது உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான் தேவை. நன்னாவோட ரூஹ் அல்லாஹ்கிட்ட போயிடுச்சு. நாம அவங்களுக்காக துஆ செய்வோம்” என்று சொன்னால் பிள்ளையின் பயம் போகும். “தூங்குறாங்க” என்று சொல்லாதீர்கள், அன்றிரவு பிள்ளை தூங்கவே பயப்படும். அல்லாஹ்வைப் பார்க்க முடியாததைப் பற்றிக் கேட்டால், காற்றைப் பார்க்க முடியாவிட்டாலும் இலை அசைவதைக் கொண்டு அறிகிறோம், கண்ணால் பார்ப்பது மட்டுமே அறியும் வழி அல்ல என்று சொல்லலாம். ஆனால் அல்லாஹ்வைப் போல எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு மேல் கேட்டால், ஹஜ்ரத்திடமோ ஆலிமாவிடமோ பிள்ளையைக் கூட்டிப் போய், பிள்ளையின் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள்.

அதபும் வேண்டும், “மாட்டேன்” என்று சொல்லவும் தெரிய வேண்டும்

கேள்வி கேட்கப் பழக்கினால் மரியாதை போய்விடாதா என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. கேட்கும் முறையையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். இடையில் குறுக்கிடாமல் கேட்பது, குரலை உயர்த்தாமல் கேட்பது, “நீங்க சொல்றது தப்பு” என்பதற்குப் பதிலாக, “எனக்கு இப்படித் தோணுது” என்று சொல்வது. இவையே அதபு.

ஆனால், “பெரியவங்க எது சொன்னாலும் கேட்கணும்” என்று மட்டும் சொல்லி வளர்ப்பதில் ஆபத்து இருக்கிறது. பிள்ளைகளிடம் தகாத முறையில் நடப்பவர்களில் பலர் பிள்ளைக்கு நன்கு தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள். பெரியவர் சொன்னால் மறு பேச்சு இல்லை என்று வளர்ந்த பிள்ளை அப்படிப்பட்ட இடத்தில் வாய் திறக்காது. நபி (ஸல்) அவர்களுக்குப் பானம் கொண்டு வரப்பட்டபோது வலப்பக்கம் ஒரு சிறுவரும் இடப்பக்கம் பெரியவர்களும் இருந்தார்கள். தாம் அருந்தியபின் முதலில் பெரியவர்களுக்குக் கொடுக்கலாமா என்று அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். சிறுவர் தன் பங்கை விட்டுத்தர மாட்டேன் என்றதும், அவர் கையிலேயே கொடுத்தார்கள் (புகாரி). சிறுவர் “மாட்டேன்” என்று சொன்னதை அதபுக் குறைவாக அந்தச் சபை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே இந்த மூன்றையும் நான்கு வயதிலிருந்தே சொல்லிக்கொடுங்கள்.

1. உன் உடம்பில் மறைக்க வேண்டிய இடத்தை யாரும் தொடக் கூடாது. தொட்டால் சத்தமாக “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிடு.

2. “உம்மாகிட்ட சொல்லாதே” என்று யார் சொன்னாலும், அதை முதலில் உம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். பிறந்த நாள் பரிசு போன்ற ரகசியம் ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்து சந்தோஷம் தரும். என்றைக்குமே சொல்லக் கூடாது என்ற ரகசியம் கெட்ட ரகசியம்.

3. நீ எதைச் சொன்னாலும் நான் திட்ட மாட்டேன்.

மூன்றாவதைச் சொன்னால் போதாது, நடந்தும் காட்ட வேண்டும். பால் டம்ளரை உடைத்ததைச் சொன்னதற்கு அடி வாங்கிய பிள்ளை, பெரிய விஷயத்தைச் சொல்ல வராது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காக 2012ல் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவ 1098 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. குடும்ப மானம் என்று மூடி மறைப்பதால் குற்றவாளிதான் தப்பிக்கிறான். பிள்ளை சொன்னதை முதலில் நம்புங்கள், பிறகு நிதானமாக விசாரியுங்கள்.

ஃபோன் திரைக்கு முன்னால்

வீடியோவைப் பார்க்கும் பிள்ளைக்கு, திரையில் வருவதெல்லாம் உண்மையில் நடந்தது என்றே தோன்றும். இப்போது கணினியே படத்தையும் குரலையும் உருவாக்குகிறது. கூடவே உட்கார்ந்து மூன்று கேள்விகளைப் பழக்குங்கள்: இதை யார் சொல்றாங்க? அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாம நம்பினா அவங்களுக்கு என்ன லாபம்?

சத்து பானத்தின் விளம்பரம் வந்தால், “அதைக் குடிச்சதாலதான் அந்தப் பையன் உயரமானானா? வேற காரணம் இருக்கலாமா?” என்று கேளுங்கள். குரூப்பில் ஒரு செய்தி வந்தால் பிள்ளைகள் முன்னிலையில் சத்தமாக யோசியுங்கள்: “இதுல தேதி இல்ல, ஊர் பேர் இல்ல, யார் சொன்னதுன்னும் இல்ல. அதனால நான் யாருக்கும் அனுப்பப் போறதில்ல.” கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது (முஸ்லிம்). செய்தியின் அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், நம்பகமானவரா என்று ஒவ்வொருவராக ஆராய்ந்த ஹதீஸ் கலை அறிஞர்களின் வழிவந்த சமுதாயம் நாம். அந்தப் பழக்கம் நம் வீட்டு ஃபோனிலும் தொடர வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

பூச்சாண்டி, போலீஸ், ஜின் என்று பயமுறுத்திச் சோறு ஊட்டுவது. பயந்த மூளை யோசிக்காது, பணியத்தான் செய்யும்.

“கடையில் தீர்ந்துபோச்சு”, “அத்தா வீட்டில் இல்லைன்னு சொல்லு” என்ற சின்னச் சின்னப் பொய்கள். நம் சொல்லில் நம்பிக்கை போனால் பிறகு எதைக் கற்றுக்கொடுத்தாலும் ஏறாது.

மதிப்பெண்ணை மட்டும் பாராட்டுவது. “எத்தனை மார்க்?” என்பதோடு, “இன்னைக்கு நீ என்ன கேள்வி கேட்ட?” என்றும் கேளுங்கள்.

வீட்டுப்பாடத்தை நாமே எழுதிக் கொடுப்பது. தவறாக எழுதினாலும் பிள்ளையின் கையெழுத்தாகவே போகட்டும். ஆசிரியருக்கு உண்மை தெரியும், பிள்ளைக்கும் கற்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஆண் பிள்ளை கேட்டால் அறிவு, பெண் பிள்ளை கேட்டால் வாயாடி என்று பிரிப்பது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புரியாத எதையும் கேட்டுத் தெளிவு பெறாமல் விட்டதில்லை. அந்தப் பழக்கத்தால்தான் பெரிய ஸஹாபாக்களும் அவர்களிடம் வந்து விளக்கம் கேட்டார்கள்.

மனப்பாடம் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். குர்ஆனை ஹிஃப்ழு செய்வதும் வாய்ப்பாடு மனப்பாடம் செய்வதும் பெரிய பலம். மனதில் ஒன்றுமே இல்லாமல் எதைக் கொண்டு சிந்திப்பது? மக்தபில் சிறிய சூராவை ஓதிக்கொடுக்கும்போதே அதன் பொருளை இரண்டு வரியில் சொல்லி, ஒரு கேள்வி கேட்டால் இரண்டும் சேர்ந்து வளரும். உஸ்தாதுமார்களும் அங்கன்வாடி, பள்ளி ஆசிரியைகளும் இதில் நமக்குத் துணை. அவர்களிடம் பேசும்போது, “என் பிள்ளை கேள்வி கேட்கிறானா?” என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், நாம் எப்படிப் பார்க்கிறோம் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று அவருக்கு முன் வாழ்ந்த பெரிய அறிஞர்கள் பலர் சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் அவர் ஏற்கவில்லை. இருட்டறையில் சோதனை செய்து பார்த்து, ஒளி பொருளிலிருந்தே கண்ணுக்கு வருகிறது என்று விளக்கினார். இன்று நம் பைகளில் இருக்கும் கேமராவின் கதையில் அவருக்கும் இடம் உண்டு. அவரும் ஒரு காலத்தில், “ஏன்?” என்று கேட்ட சிறுவர்தான்.

இன்று இரவு உங்கள் பிள்ளை ஒரு கேள்வி கேட்கும். பதில் சொல்லும் முன், “நீ என்ன நினைக்கிற?” என்று கேட்டுவிட்டு, மூன்று எண்ணுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் உண்மையைப் பிரித்தறியும் தெளிவையும், அதை அழகிய முறையில் எடுத்துச் சொல்லும் துணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.